சிறு முதலில் ஒரு விளையாட்டுக் கணினி



வானொலிப் பெட்டி முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். 1979 ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொலைக்காட்சி தோன்றியது. நாளடைவில் அதுவும் வீட்டுப் பொருளாயிற்று. அவ்விரண்டையும் வாங்கியபோது நமக்கிருந்த வேலை சிறிதே. கடைக்குச் சென்றோம், பூட்டிய பெட்டியை வாங்கினோம், வீட்டுக்குக் கொணர்ந்து வைத்தோம். அதனுள்ளே என்னென்ன உறுப்புகள் உள்ளன, அவற்றுள் எது நன்று, எது தீது என்று எவரும் ஆராய்ந்தாரில்லை.

இன்று நிலைமை வேறு. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளிலும் வளரும் பிள்ளைகள் பெற்றோரிடம் விளையாட்டுக் கணினி ஒன்று கேட்கின்றனர். அதனை அவர்கள் பூட்டிய பெட்டியாகக் கேட்பதில்லை. உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்து, அவற்றை ஒன்றாகப் பூட்டுவித்துக் கொள்ளவே விரும்புகின்றனர். குறைந்த பணத்தில் கூடிய பயன் பெறுவதற்கு அதுவே வழி என்று பிள்ளை கூறுகின்றான். பிள்ளை கூறுவது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் தெரிந்தெடுப்பதில் தவறினால் பணமும் போய்ப் பயனும் கிட்டாது. ஆதலின், சிறு முதலில் இக்கணினியின் உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேசலாம் எனக் கருதுகின்றேன்.

ஒரு பாடசாலை அதிபருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பெற்றோர் பலர் என்னிடம் வந்து, "சேர், படிப்புக்குக் கொம்பியூட்டர் வேணும் எண்டு பிள்ளை நிக்கிறான். என்ன வாங்கிக் குடுக்கிறது?" என்று கேட்கின்றனர். அதே பிள்ளை தன் நண்பரோடு பேசும்போது படிப்பைப் பற்றிப் பேசுவதாகத் தெரியவில்லை. எந்த விளையாட்டு எவ்வளவு விரைவாக ஓடும் என்பதையே பேசுகின்றான். தாய் ஒரு பொருளுக்குப் பணம் சேர்க்கின்றாள்; பிள்ளை வேறொரு பொருளை மனத்தில் வைத்திருக்கின்றான். வாங்கி வந்த பின்னர் இருவருக்கும் ஏமாற்றம். சீட்டுப் பிடித்த காசு, நகை ஈடு வைத்த காசு, அல்லது கனடாவிலிருந்து மாமன் அனுப்பிய காசு அதில் அடங்கியிருப்பின், அந்த ஏமாற்றம் வீட்டில் நெடுநாள் நிற்கும்.

ஆகவே, முதற்கண் செய்ய வேண்டியது பொருளுக்கு உரிய பெயரை இடுவது. படிப்புக்கு மாத்திரம் கணினி வேண்டுமாயின் அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கட்டுரை எழுதவும், கணக்கட்டவணை அமைக்கவும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குரிய பயிற்சிகளைச் செய்யவும் எளிய கணினி போதும். விளையாட்டுக்கே கூடுதல் வலிமை வேண்டும். விளையாடவும் வேண்டுமென்றால் அதைப் பிள்ளை வெளிப்படையாகக் கூறட்டும். பெற்றோரும் அதைக் குற்றமாகக் கொள்ளாதிருக்கட்டும். 2018 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டுகள் காட்சிப் போட்டிகளாக இடம்பெற்றன. 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற விழாவில் அவற்றுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. இதனால் நம் பிள்ளைகள் யாவரும் பதக்கம் வெல்வர் என்று நான் கூறவில்லை. விளையாட்டு என்று கூறப் பிள்ளை நாணவேண்டியதில்லை என்றே கூறுகின்றேன். நன்றாக விளையாடக்கூடிய கணினி படிப்புக்கும் உதவும். படிப்புக்கு மாத்திரம் வாங்கிய கணினி விளையாட்டுக்கு உதவும் என்பது உறுதியன்று.

நிற்க. இக்கணினியின் உள்ளே நிகழ்வது யாது? ஒரு சிறு கணக்கால் அதை விளங்கிக் கொள்ளலாம். இன்று வழக்கிலுள்ள சாதாரணத் திரையொன்றில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உள்ளன. இவ்விரண்டையும் பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் ஆகும். ஓவியம் அசைவது போலக் கண்ணுக்குத் தோன்ற வேண்டுமாயின், இப்புள்ளிகள் யாவற்றையும் ஒரு செக்கனுக்கு 60 முறை புதிதாகத் தீட்டவேண்டும். அஃதாவது, ஒரு செக்கனில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் என்ன, ஒளி என்ன, நிழல் என்ன என்று கணிக்கவேண்டும். கட்டுரை எழுதும்போது திரை பெரும்பாலும் அசையாது நிற்கின்றது. விளையாட்டிலோ அது கணந்தோறும் மாறுகின்றது. இவ்வேறுபாடே செலவின் வேறுபாட்டுக்குக் காரணம்.

இப்புள்ளிகளைத் தீட்டும் உறுப்பு வரைகலை அட்டை எனப்படும். கொழும்புக் கடைகளில் 'வீஜீஏ' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவர். விளையாட்டுக் கணினியில் ஆகப் பெரிய பங்கு பணம் இதற்கே செல்லவேண்டும். விளையாட்டின் போக்கைக் கணிப்பது முறைவழியாக்கி. அதனை 'புரொசசர்' என்பர். பந்து எங்கே விழும், எதிரி எத்திசையில் ஓடுவான் என்பன அதன் வேலை. கணித்தற்கு வேண்டியவற்றைக் கையருகே வைத்திருப்பது 'றாம்' எனும் நினைவகம். நிரந்தரமாகச் சேமித்து வைப்பது எஸ்எஸ்டி எனும் சேமிப்பகம். இவை யாவற்றையும் இணைத்துத் தாங்குவது தாய்ப்பலகை, அதாவது 'மதர்போர்ட்'. யாவற்றுக்கும் மின்னைப் பகிர்ந்தளிப்பது வலு வழங்கி. இவற்றை அடக்கி நிற்கும் பெட்டியைக் 'கேசிங்' என அழைக்கின்றனர்.

கையிலுள்ள பணத்தை நூறு பங்காக வகுத்துக்கொள்வோம். திரை, விசைப்பலகை முதலியன இதற்குப் புறம்பானவை. வரைகலை அட்டைக்கு 35 பங்கு, முறைவழியாக்கிக்கு 17, நினைவகத்துக்கு 14, தாய்ப்பலகைக்கு 12, சேமிப்பகத்துக்கு 9, வலு வழங்கிக்கு 8, பெட்டிக்கு 5. இவை கல்லில் பொறித்த எண்கள் அல்ல. சந்தை விலைக்கேற்ப ஓரிரு பங்கு ஏறும், இறங்கும். ஆனால், ஒழுங்கு மாறலாகாது. பெட்டிக்குச் செலவிட்டது வரைகலை அட்டைக்குச் செலவிட்டதை நெருங்குமாயின், அக்கணினி கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்கும் கொண்டு மினுங்கும்; விளையாட்டு மட்டும் தள்ளாடும்.

இனி, இரு குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவது வீட்டில் உள்ள பணம் மிகக் குறைவு. பிள்ளை நண்பரோடு சேர்ந்து வலோரன்ட், டோட்டா போன்ற இலவச விளையாட்டுகளையே ஆடுகின்றான். இவை எளிய கணினியிலும் ஓடும்படி அமைக்கப்பட்டவை. இவ்வீட்டார் தனி வரைகலை அட்டை வாங்கவேண்டியதில்லை. தன்னுள்ளேயே வரைகலைப் பகுதியைக் கொண்ட முறைவழியாக்கிகள் உள்ளன. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அவ்வகையைச் சேர்ந்தது. அதனோடு 8 ஜிகாபைட் நினைவகத் துண்டுகள் இரண்டைச் சேர்த்தால், இவ்விளையாட்டுகளைத் திருப்தியாக ஆடலாம். 16 ஜிகாபைட்டை ஒரே துண்டாக வாங்குவதிலும் இரு துண்டுகளாக வாங்குவதே நன்று. ஒரு வழிப் பாதையை இரு வழிப் பாதையாக்கியது போலத் தரவு விரைந்து செல்லும். முறைவழியாக்கியின் உள்ளமைந்த வரைகலைப் பகுதிக்கு இவ்விரைவு மிக வேண்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பணம் சேருமாயின், அப்போது வரைகலை அட்டையொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். அவ்வாறு பிற்காலத்தில் பூட்டுவதற்கு இடமளிக்கும் தாய்ப்பலகையையும் வலு வழங்கியையும் முதலிலேயே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது வீட்டில் பணம் சற்றுக் கூடுதல். பிள்ளை பெரிய கதை விளையாட்டுகளை விரும்புகின்றான். இவ்வீட்டாருக்குத் தனி வரைகலை அட்டை இன்றியமையாதது. 2021 இல் வெளிவந்த ரேடியன் ஆர்எக்ஸ் 6600 எனும் அட்டை 8 ஜிகாபைட் நினைவகமுடையது; சாதாரணத் திரையில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அது போதும். அதற்குத் துணையாக ரைசன் 5 5600 அல்லது இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3 12100எஃப் தகும். இங்கே ஓர் எழுத்தைக் கவனிக்கவேண்டும். இன்டெல் முறைவழியாக்கியின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடியுமாயின் அதனுள்ளே வரைகலைப் பகுதி இல்லை என்பது பொருள். தனி அட்டை வாங்குவோர்க்கு அதனால் இழப்பில்லை, விலையும் குறையும். தனி அட்டையின்றி அதனை வாங்குவோர், திரையில் ஒன்றும் தோன்றாமல் கடைக்குத் திரும்பி ஓடவேண்டி வரும். ஓரெழுத்தின் பிழை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடும்.

உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதும் அவ்வாறே கவனித்தற்குரியது. ஏஎம்டியின் ஏஎம்4 என்னும் பொருத்தியில் அமரும் முறைவழியாக்கி ஏஎம்5 பொருத்தியில் அமராது. டிடிஆர்4 வகை நினைவகம் டிடிஆர்5 பலகையில் ஏறாது. இன்டெலின் 12 ஆம் தலைமுறைக்குரிய தாய்ப்பலகைகளில் இவ்விரு வகைகளும் விற்கப்படுகின்றன. பெயரில் ஒன்று போலவே தோன்றும். விற்பவர் கூறுவதை மட்டும் கேளாமல், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம் கண்ணால் வாசித்தல் நன்று.

சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பழைய வன்தட்டில் சுழலும் தட்டும் அசையும் கையும் உண்டு. எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆதலின் அது பன்மடங்கு விரைவானது. பெரிய விளையாட்டொன்று 100 ஜிகாபைட்டுக்கு மேலும் இடங்கொள்ளும் இந்நாளில், 500 ஜிகாபைட்டுக்குக் குறைந்தது வாங்கிப் பயனில்லை. இயலுமாயின் அதன் இருமடங்கு வாங்குக.

இனி நான் வற்புறுத்திக் கூற விரும்புவது வலு வழங்கியைப் பற்றியது. விளம்பரங்களில் இதன் பெயர் கடைசி வரியில் வரும். சிலவற்றில் வராமலே விடும். பெட்டியோடு இலவசமாகத் தருகின்றோம் என்று கூறும் கடைகளும் உண்டு. இலவசமாக வரும் வலு வழங்கியே மிக விலையுயர்ந்த பொருளாக முடியக்கூடும். ஏனெனில், மற்றோர் உறுப்புப் பழுதானால் அது மட்டுமே பழுதாகும். தரம் குறைந்த வலு வழங்கி எரியும்போது தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் தன்னோடு இழுத்துச் செல்லக்கூடும். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆர்எக்ஸ் 6600 அட்டைக்கு 132 வாற்று. ரைசன் 5 5600 இற்கு 65 வாற்று, சில வேளைகளில் அதற்குச் சற்று மேல். ஏனையவற்றுக்கு ஐம்பது, அறுபது என்று கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 260 வாற்று ஆகும். இதற்கு 500 அல்லது 550 வாற்று வலு வழங்கி தகுந்தது. மாடு இழுக்கக்கூடிய முழுப் பாரத்தையும் நாள்தோறும் வண்டியில் ஏற்றுவார் இல்லை அன்றோ? ஆயினும், வெளியே ஒட்டிய தாளில் 600 என்று எழுதியிருப்பது கொண்டு மயங்கலாகாது. அறிந்த நிறுவனத்தினதா, '80 பிளஸ்' எனும் சான்று உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பணம் போதவில்லையாயின் வரைகலை அட்டையில் ஒரு படி இறங்குங்கள். வலு வழங்கியில் இறங்க வேண்டாம்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மின்தடை. 2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின் நின்றது. ஆகவே, தடையிலா மின் வழங்கி, அதாவது 'யூபிஎஸ்', நம் நாட்டில் ஆடம்பரம் அன்று. ஆனால் அதன் மேல் 650 வோல்ற்று அம்பியர் என்று எழுதியிருப்பது 650 வாற்று அன்று; உண்மையில் தாங்குவது பெரும்பாலும் அதன் பாதிக்குச் சற்று மேலே. விளையாட்டைத் தொடர்வதற்கு அதனை வாங்குவதில்லை. செய்த வேலையைச் சேமித்து, கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கே வாங்குகின்றோம்.

இனிக் கடைத்தெருவுக்குச் செல்வோம். வெள்ளவத்தையில் உள்ளோர் காலி வீதி வழியே 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், சிறிது நேரத்தில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவை அடையலாம். கணினிக் கடைகள் மாடிதோறும் நிறைந்த கட்டடம் அது. கொட்டாஞ்சேனையில் உள்ளோர்க்குப் புறக்கோட்டை அண்மையில் உள்ளது. முதலாம் குறுக்குத் தெருவில் மின்பொருட் கடைகள் பல. எங்கு சென்றாலும், சென்ற முதல் நாளே பணத்தைக் கொண்டு செல்லவேண்டாம் என்பது என் ஆலோசனை. முதல் நாள் விலைப்பட்டியல் மட்டும் வாங்கி வருக. மூன்று கடைகளின் பட்டியல்களை வீட்டு மேசையில் அருகருகே விரித்துப் பார்த்தால், எவ்வுறுப்பை எவர் மறைத்தார், எதில் விலை ஏற்றினார் என்பன தாமே வெளிப்படும்.

பட்டியலின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளையும் வாசித்தல் வேண்டும். நம் கடைகளின் பற்றுச்சீட்டுகள் பலவற்றில், ஓராண்டு உத்தரவாதம் என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். எரிந்த தழும்பு, உடைவு, துரு ஆகியன இருப்பின் உத்தரவாதம் இல்லை என்றும் அதன் கீழ் இருக்கும். துரு என்னும் சொல் வெள்ளவத்தை வாசிகளுக்கு முக்கியமானது. கடற்கரை வீதிப் பக்கம் பார்த்த யன்னலோரத்தில் வைத்த கணினியின் உட்பகுதி, உப்புக் காற்றினால் விரைவில் பழுதடையும். யன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம் வைப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டுவதும் பணச் செலவில்லாத பாதுகாப்பு.

விலைகள் ஏன் இவ்வாறு ஏறி இறங்குகின்றன என்று கேட்போர் உண்டு. இவ்வுறுப்புகளுள் எதுவும் நம் நாட்டில் ஆவதன்று. யாவும் டொலர் கொடுத்துக் கொணரப்படுவன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. இவற்றோடு உலகச் சந்தையின் போக்கும் சேர்கின்றது. செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் பெரும் தரவு நிலையங்கள் நினைவகத்தை வாரிக் கொள்வதால், 2025 இன் பிற்பகுதியில் அதன் விலை உலகெங்கும் வெகுவாக ஏறியது. வீட்டுப் பாவனைக்கான தன் 'குரூஷல்' வியாபாரத்தைக் கைவிடப் போவதாக மைக்ரோன் நிறுவனம் அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. எங்கோ கட்டப்படும் ஒரு நிலையம் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பட்டியலில் ஒரு வரியை அடிக்கச் செய்கின்றது. பொருளியல் பாடத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? இத்தகைய வேளையில், நினைவகத்துக்கு நான் முன்னர் கூறிய 14 பங்கு போதாது போகலாம். அப்போது 16 ஜிகாபைட்டோடு நிறுத்திக் கொள்வதே அறிவுடைமை. 32 வேண்டுமென்று வற்புறுத்துவது தகாது.

பழைய உறுப்புகளை வாங்கலாமா என்பது அடுத்த வினா. பழையது என்ற காரணத்தால் மட்டும் ஒன்றைத் தள்ளிவிடத் தேவையில்லை. நமது வானொலியின் வரலாறே இதற்குச் சான்று. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் இந்நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்க முயன்றபோது, முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டே ஒலிபரப்பியை அமைத்தனர் என்பர். 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. பழைய பாகத்தின் தகுதியை அறிந்தவர் கையில் அது புதியதாகும்; அறியாதவர் கையில் புதியதும் பழுதாகும்.

கணினிச் சந்தையில் பழைய உறுப்புகளுள் பெட்டி, முறைவழியாக்கி, நினைவகம் ஆகியவற்றை ஓரளவு அச்சமின்றி வாங்கலாம். அவை எளிதில் தேய்வன அல்ல. வலு வழங்கியைப் பழையதாக வாங்கலாகாது. வரைகலை அட்டையிலோ மிகுந்த எச்சரிக்கை தேவை. எதீரியம் என்னும் மின்னாணயத்தை உண்டாக்குவதற்காக உலகெங்கும் இவ்வட்டைகளை இரவு பகல் ஓயாது ஓட்டினர். 2022 செப்டெம்பர் 15 ஆம் நாள் அம்முறை கைவிடப்பட்டதும், அவ்வாறு உழைத்துக் களைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆகையால், இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் கண்டு வாங்குவோர், அட்டையைக் கணினியில் பூட்டி, அரை மணி நேரமாவது விளையாட்டொன்றை ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கவேண்டும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெயரில் மயங்குவதும் இங்கே பெரிதும் நிகழ்கின்றது. அலுவலகங்களில் கழித்த கணினிகள் 'கோர் ஐ7' என்ற பெயரோடு மலிவாக விற்கப்படுகின்றன. ஏழு மூன்றிலும் பெரிது. ஆகவே ஐ7 ஐ3 இலும் சிறந்தது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். 2013 இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7 இலும் 2022 இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 பெரிதும் விரைவானது. அன்றியும், எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் முறைவழியாக்கிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு பொதுவாக முடிந்துவிட்டது. பெயரின் பின் வரும் எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் காட்டும். வகுப்பை மட்டும் கேட்டு மாணவனை மதிப்பிடாமல், அவன் கற்ற ஆண்டையும் கேட்பது போல என்று கொள்க. இருப்பினும், மிக வறிய வீட்டாருக்கு எட்டாம் தலைமுறையோ அதன் பிந்தியதோ ஆன அலுவலகக் கணினி நல்ல தொடக்கமாகும். அவற்றின் வலு வழங்கி சிறிது. பலவற்றில் வடிவமும் வேறு. எனவே, தனி மின்கம்பி வேண்டாத, 70 வாற்றளவில் இயங்கும் 6 ஜிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற சிறிய அட்டையே அதற்கு ஒத்துவரும். அதுவும் பெட்டியினுள் அடங்குமா என்று அளந்து பார்த்தே வாங்கவேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின், இது நமக்கு ஆகாத காரியம் என்று சில தாய்மார் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பிள்ளையிடம் ஒரு தாளையும் ஒரு தொகையையும் கொடுங்கள். "இதற்கு மேல் ஒரு சதமும் இல்லை" என்று உறுதியாகக் கூறுங்கள். ஒவ்வோர் உறுப்பின் பெயர், மூன்று கடைகளில் அதன் விலை, அதனையே தெரிந்தெடுத்த காரணம் ஆகியவற்றை அவன் தமிழில் எழுதிக் காட்டட்டும். காரணம் உங்களுக்கு விளங்காவிடின், விளங்கும்வரை சொல்லுமாறு கேளுங்கள். தாய்க்கு விளக்க இயலாத ஒன்றைத் தானும் விளங்கவில்லை என்பதை அவனே அறிந்துகொள்வான். மகள் கேட்பாளாயின் அவளுக்கும் இதே தாள், இதே தொகை. இவ்விளையாட்டு ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று எந்தப் பாடநூலிலும் எழுதப்படவில்லை.

அத்தாளின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் இருத்தல் நலம். கணினி வைக்கும் இடம் கூடம். பூட்டிய அறை அன்று. விளையாடும் நேரம் எவ்வளவு என்பது வாங்குமுன் பேசித் தீர்த்தது. வாங்கியபின் சண்டையிட்டுத் தீர்ப்பதன்று. இவ்விரண்டுக்கும் பிள்ளை கையொப்பமிடட்டும், தந்தையும் இடட்டும்.

பணம் மிகுந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்கிவிடுவர்; அவர்க்குத் தெரிந்தெடுக்கும் வேலையே இல்லை. தொகைக்கு எல்லை உள்ள வீட்டுப் பிள்ளைக்கே எது முதன்மை, எது துணை, எதை இன்று விட்டு நாளை பெறலாம் என்று சிந்திக்கும் கட்டாயம் உண்டாகின்றது. வண்ண விளக்கை விட்டு நல்ல வலு வழங்கியைக் கேட்கும் பிள்ளை, வெளியே தெரியாத ஒன்றின் மதிப்பை அறிந்துவிட்டான். அப்பிள்ளையின் தாளை வாங்கிப் பார்த்துச் சரியென்று கூறும் பெற்றோர், சேர்த்த காசு எங்கே சென்றது என்பதைத் தெளிவாக அறிவர். அக்கணினி பழுதுபடும் நாளிலும், எந்த உறுப்பு, எந்தக் கடை, எத்தனை நாள் உத்தரவாதம் என்பன அத்தாளில் இருக்கும். ஆதலின், கணினி வந்த பின்னரும் அத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.